இடிபட்டவரை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தக் கோரி

அய்யா உண்டு

திருவட்டாறு,
சனிக்கிழமை.

அன்பும் அறிவும் சட்டமும் ஒருங்கே அமைந்த மைத்துனன், வழக்கறிஞர் தாணு அவர்கள் சமூகத்துக்கு, பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனும் உன் அக்காளைக் கட்டியவனுமாகிய அத்தான் பகவதியப்பன் எழுதிக்கொண்டது. நீயும் வீட்டிலுள்ளவர்களும் நாகர்கோவிலில் சுகமாக இருக்க அய்யாவை வேண்டுகிறேன். இங்கே உன் அக்காள் முத்துக்கனி சுகம். முற்றத்துத் தென்னை சுகம். கார் ஒர்க்‌ஷாப்பில் சுகமாகிக்கொண்டிருக்கிறது. நம் முன்னறைக் கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருக்கும் மேற்படியார் மிகமிகச் சுகம். வீட்டுக்கு உடையவனாகிய என்னைப் பற்றி மட்டும் அந்த வார்த்தையை எழுதப் பேனா மறுக்கிறது.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை “அத்தான், கோர்ட்டுல நிக்கேன்” என்றாய். அடுத்த தடவையும் நின்றாய். அதற்கடுத்த தடவை, “அத்தான், நீங்க உலகம் உண்டானதுலேர்ந்து தொடங்குதிய. எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க, படிச்சுப் பாத்துச் சொல்லுகேன்” என்று வைத்துவிட்டாய். தவிரவும் இந்த வீட்டில் எங்கே நின்று போன் பேசினாலும் மேற்படியார் காதில் விழுந்துவிடுகிறது. விழுந்தால் கட்டிலில் இருந்தபடியே, “சாரே, ஆருக்காவது சுகமில்லியா?” என்று உண்மையான கவலையோடு கேட்கிறார். அந்தக் கவலையைத் தாங்கும் திராணி என்னிடம் இல்லை. ஆகவே புறவாசலில் துவைக்கும் மிஷினின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். மிஷின் ஓடுகிறது. கையெழுத்து நடுங்கியிருந்தால் பாதி காரணம் மிஷின், மீதி நான்.

கார் நம்முடையது அல்ல என்பது உனக்குத் தெரியும். நம் மருமகன் அனில்குமார் என் மகள் அஸ்வதியையும் கூட்டிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போகும்போது, “மாமா, வாரத்துக்கு ஒருக்கா எடுத்து ஓட்டுங்க, இல்லேன்னா பாட்டரி செத்துப்போவும்” என்று சாவியைத் தந்துவிட்டுப் போனார். ஒரு பாட்டரியின் உயிரைக் காப்பாற்றவே நான் செவ்வாய்தோறும் குலசேகரம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. உன் அக்காள் பக்கத்தில் இருந்தாள். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வளைவில் ஒரு பஸ் என் முதுகில் மூச்சு விட்டபடி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. உன் அக்காள் “பையப் போங்க, பையப் போங்க” என்கிறாள். பஸ் வேகமாகப் போகச் சொல்கிறது. இருவரில் யாருக்குக் கீழ்ப்படிவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ரோட்டோரத்தில் பெரிய கறுப்புக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர், எதிர்முனையில் என்ன நல்ல செய்தி சொன்னார்களோ, சந்தோஷத்தில் ஓரடி பின்னால் வைத்தார். காரின் இடது கண்ணாடி குடைக் கம்பியில் தட்டியது. குடை பறந்தது. இந்த உலகத்தில் ஒரு குடை பறந்து போய் விழுவதற்கு எத்தனையோ இடம் இருக்க, அது நேராக என் முன்கண்ணாடியில் வந்து விரிந்து உட்கார்ந்தது. எனக்குப் பட்டப்பகல் இருண்டுவிட்டது. பிரேக் என்று நான் மிதித்தது பிரேக் அல்ல. கார் ரோட்டை விட்டிறங்கி வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து, குலை தள்ளிய ஏத்தன் வாழைகளை வரிசையாகச் சாய்த்துவிட்டுச் சேற்றில் மூக்கைப் புதைத்து நின்றது. குடைக்கு உடையவர் ஓடைக்குள் விழுந்து கிடந்தார்.

விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது நம் ஜில்லாவில் எல்லாருக்கும் தெரியும், நடத்தியவனைத் தவிர. சாயாக்கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். “வண்டிய அனக்காதீங்க” என்றார் ஒருவர். “வண்டிய எடுத்து ஓரமாப் போடும் ஓய்” என்றார் அடுத்தவர். வண்டி ஓரத்தைத் தாண்டித் தோட்டத்துக்கு நடுவில் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. போலீசுக்குச் சொல்லச் சொன்னார்கள். போலீசுக்குச் சொன்னால் வண்டி ஸ்டேஷன் முற்றத்தில் கிடந்து துருப்பிடிக்கும், சொல்லவே கூடாது என்றார்கள். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒருவன் என்னையும் காரையும் தன்னையும் சேர்த்து எடுத்தான். வாழைக்கு உடையவர் எங்கே என்று ஒருவர் தேட, அவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாக இன்னொருவர் சொல்ல, சாய்ந்த குலைகளில் இரண்டு அதற்குள் நடந்து போய்விட்டன. அந்த அமளியில்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “அத்தான், அடிபட்ட ஆளை மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. போலீசு கேட்டா நடந்ததை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணுக்கும் வாயத் தொறக்காதீங்க. தெய்வத்தை நெனச்சு மன்னிப்பு மட்டும் கேட்டிராதீங்க. கேட்டா தப்பை ஒத்துக்கிட்டதாக்கும்.” மைத்துனா, அந்த உபதேசத்தை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன். அன்று முதல் இன்று வரை மன்னிப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. என் நாசம் அங்கேதான் தொடங்கியது என்பதை உன் சட்ட அறிவுக்கு உரிய மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஏனென்றால், ஓடைக்குள்ளிருந்து மேற்படியார் தலையைத் தூக்கிப் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? “சாரே, உங்களுக்கு ஒண்ணும் ஆவல்லியே? அம்மைக்கு?” என்பது. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். சட்டையைப் பிடித்திருந்தால் பிடித்திருப்பேன். கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்க, சேற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் என் சுகத்தை விசாரித்தால் நான் என்ன செய்வது? அதற்கு உன் சட்டப்புத்தகத்தில் பதில் உண்டா?

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் எலும்பில் விரிசல் என்றார். மாவுக்கட்டு போட்டார். காலை ஊன்றவே கூடாது, யாராவது கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எஸ்.ஐ. வந்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். என்ன நடந்தது என்று அவர் மேற்படியாரிடம் கேட்டார்.

“காரு என்னை இடிக்கல்ல சாரே. நான் வழுக்கி ஓடையில விழுந்தேன். இவருக்க காரு பெறவு என்னைப் பாக்க வந்ததாக்கும்.”

“பாக்க வந்த காரு வாழைத்தோட்டத்துக்குள்ள எதுக்கு ஓய் போச்சு?”

“எனக்கு ஒதுங்கித் தந்ததாக்கும் சாரே.”

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வழக்கு இல்லை. தாணு, இதை நன்றாக யோசி. வழக்குப் போட்டிருந்தால் உன்னை வைத்து நடத்தியிருக்கலாம். வாய்தா வாங்கியிருக்கலாம். தோற்றால் மேல்முறையீடு போயிருக்கலாம். மேற்படியார் எதுவும் போடவில்லை. ஒரு மனிதன் நம்மேல் காட்டுகிற கருணைக்கு எதிராக எந்தக் கோர்ட்டில் மனு கொடுப்பது?

மேற்படியார் பெயர் யேசுதாசன். கல்யாண புரோக்கர். குலசேகரத்தில் ஒரு கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருப்பு. ஏறுவதற்குச் சுருள் சுருளாக ஓர் இரும்புப் படி, நல்ல காலுள்ளவனே ஏறும்போது தெய்வத்தைக் கூப்பிடுவான். தனிக்கட்டை. கூட்டிக்கொண்டு போக யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சக்கர நாற்காலியில் அவரை வைத்துக்கொண்டு நின்றபோது, வீட்டுக்குக் கொண்டு போவோம் என்று உன் அக்காள் சொன்னாள். நான் கடுமையாக மறுத்தேன். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்ததால் மனதுக்குள் மறுத்தேன். அது யாருக்கும் கேட்கவில்லை.

முன்னறையில் மின்விசிறிக்கு நேர் கீழே, நான் மத்தியானம் கண்ணயரும் கட்டிலில் அவரைக் கிடத்தினோம். அன்றைக்கே போன் மணி அடிக்கத் தொடங்கியது. கோழி கூவுவதற்கு முன்னாலும் அடிக்கிறது, கோழி அடைந்த பிறகும் அடிக்கிறது. கருங்கலிலிருந்து பேசுகிறார்கள், கொல்லங்கோட்டிலிருந்து பேசுகிறார்கள், குவைத்திலிருந்து பேசுகிறார்கள். பையன் என்ன படித்திருக்கிறான், பெண் என்ன உயரம், மாமியார் என்ன குணம். பத்திரிகை படிக்கலாம் என்று உட்கார்ந்தால் தலைப்புச் செய்திக்குள் யாரோ ஒரு பெண்ணின் நட்சத்திரம் வந்து விழுகிறது. பிறகு, போனில் பேசியது போதாமல் ஆட்கள் நேரிலே வரத் தொடங்கினார்கள். புரோக்கருக்குக் கால் ஒடிந்துவிட்டதாம், திருவட்டாற்றில் ஒரு பெரிய மனுஷன் வீட்டில் கிடக்கிறாராம் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் உன் அக்காள் சாயாவும் பழம்பொரியும் கொடுக்கிறாள். எனக்குப் பழம்பொரி கொடுத்தால் எண்ணெய் ஆகாது என்று பிடுங்கிக்கொள்ளும் அதே கை.

ஒருநாள் ஒரு பையன் வீட்டார் வந்தார்கள். இதைப் பெண் வீடு என்று நினைத்துக்கொண்டார்கள். பையனின் சித்தப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார். சுவரில் தட்டிப் பார்த்தார். என்னிடம் வந்து, “வீடு ஆருக்க பேருல கெடக்கு?” என்று கேட்டார். இத்தனை வருடம் பத்திரங்களோடு குடித்தனம் நடத்தியவனிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டால் என்ன ஆகும்? மூலப் பத்திரத்தில் தொடங்கி, என் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை வழியாக, வில்லங்கச் சான்று வரை நான் சொல்லி முடித்தபோது அவர் திருப்தியாகத் தலையாட்டி, “கொள்ளாம். பொண்ணை வரச் சொல்லுங்க” என்றார். உன் அக்காள் சாயாத் தட்டோடு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு மனம் இல்லை. மேற்படியார் மட்டும் சிரித்துச் சிரித்து, மாவுக்கட்டுக்குள் கால் நோவதாகச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

இன்னொரு நாள் பின்வாசலில் இருந்த என்னைக் கூப்பிட்டனுப்பினார். தகப்பன் இல்லாத ஒரு பையன், தாயை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். எதிரே பெண் வீட்டார் ஒரு வேன் நிறைய. “சாரே, பையன் பக்கத்துல பெரிய ஆளு ஒருத்தரும் இல்ல. நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். சும்மா வந்து இருங்க, அது போரும்” என்றார். சும்மா இருந்தேன். அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பெண்ணின் தாய்மாமன் ஏதோ நொட்டை சொன்னபோது என்னை அறியாமல் தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான். கல்யாணம் முடிவாகிவிட்டது. ஆவணியில் அந்தப் பையன் பக்கம் நான்தான் முன்னால் நிற்க வேண்டுமாம். வேட்டி சட்டை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சட்டை சரியாக இருக்கிறது. நான் யார், அந்தப் பையன் யார், என் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்படியாரின் சபையிலிருந்து பிரார்த்தனைக்கு வருகிறார்கள். வரட்டும், எல்லாம் ஒரே இறைவன், எனக்கு அதில் பேதம் இல்லை. நல்ல பாட்டுகள்தான், ஒன்றிரண்டு எனக்கே பாடமாகிவிட்டது. ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை போதகர் என்ன செய்தார் தெரியுமா? நோயாளியின் காலுக்காக ஜெபித்தார். உன் அக்காளின் கைப்பக்குவத்துக்காக ஜெபித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆண்டவரே, அந்தக் காரை ஓட்டிய பாவிக்கும் நல்ல கண்பார்வையைத் தாரும்” என்றார். பாவி வாசல்படியில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தார் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரையும் விடப் பலமாக “ஆமென்” சொன்னது யார் என்று நினைக்கிறாய்? அய்யாவழிப் பதியில் தவறாமல் விளக்கேற்றுகிற உன் அக்காள்.

கார் விஷயம் இதைவிடக் கேவலம். ஒர்க்‌ஷாப் ரெனிஷ் எப்போது கேட்டாலும் “அடுத்த வாரம் அண்ணாச்சி” என்கிறான். இன்சூரன்ஸிலிருந்து பார்க்க வந்தவர், குடை எப்படிக் கண்ணாடிக்கு வந்தது என்று கேட்டார். பறந்து வந்தது என்றேன். பறந்து வந்த குடை விரிந்தா இருந்தது, மடங்கியா இருந்தது என்று கேட்டார். அவர் நோக்கம் என்னவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதற்கிடையில் மருமகனுக்கு விஷயம் தெரியக் கூடாது என்று நான் பாடாய்ப் படுகிறேன். அவர் வீடியோவில் கூப்பிட்டால் ஒவ்வொரு சுவராகப் பார்த்து முதுகை வைத்து நிற்பேன். போன வாரம் அது பலிக்கவில்லை. “மாமா, பின்னால ஆரு காலத் தூக்கி வச்சிட்டுக் கெடக்காரு?” என்று கேட்டார். தூரத்துச் சொந்தம் என்றேன். அதைக் கேட்டதும் தூரத்துச் சொந்தம் கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கியது. “மாப்ளே, சுகமா? உங்களுக்குத் தம்பி உண்டுமா? என்ன வேலை? என்ன வயசு?” அரைமணி நேரம் இருவரும் பேசினார்கள். கார், குடை, வாழைத்தோட்டம் எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் மருமகன் என்னிடம், “காரு கெடக்கட்டு மாமா. அந்த யேசுதாசன் சாரை நல்லாப் பாத்துக்கிடுங்க” என்று வைத்துவிட்டார். அவர் தம்பியின் போட்டோவும் விவரமும் அன்றைக்கே வந்து சேர்ந்தது. ‘மாமா எப்படி இருக்கிறீர்கள்’ என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

என் சாமான்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் தந்த நீளமான மர ஸ்கேலை எடுத்து மாவுக்கட்டுக்குள் விட்டுச் சொறிகிறார். சொறியும்போது அவர் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பார்த்தால் திருப்பிக் கேட்க நா எழவில்லை. என் நாற்காலியில் பெண் வீட்டார் இருக்கிறார்கள். என் அலமாரியில் ஜாதகங்கள் இருக்கின்றன. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முதலில் அவருக்குப் போகிறது, நடுத்துண்டு உட்பட. இப்போது என் சுவாதீனத்தில் மிச்சமிருக்கும் சொத்துக்கு நான்கெல்லை விவரம் தருகிறேன், குறித்துக்கொள்: துவைக்கும் மிஷினுக்கு மேற்கு, மாவாட்டும் கிரைண்டருக்குக் கிழக்கு, கோழிக்கூட்டுக்கு வடக்கு, பின்வாசல் படிக்குத் தெற்கு. இதற்குட்பட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. அதற்கும் ஒரு கால் ஒடிந்திருக்கிறது. மாவுக்கட்டு போட ஆளில்லை.

இவ்வளவையும் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது ஒன்று உண்டு. தினமும் காலையில் நான் பின்வாசலுக்குப் போகும்போது மேற்படியார், “சாரே, ராத்திரி ஒறங்கினியளா?” என்று கேட்கிறார். ஒரு குத்தலும் இல்லாமல் கேட்கிறார். அந்த நேரம் என் தொண்டையில் நீ தடை செய்த வார்த்தை வந்து நிற்கும். உன் முகத்தை நினைத்து விழுங்கிவிடுவேன். சாப்பாட்டுக்கு முன்னால் விழுங்குகிறேன், பின்னால் விழுங்குகிறேன், எனக்கு வயிறே சரியில்லை. இனி என்னால் ஆகாது. அவர் இந்த வீட்டில் இருக்கும் மட்டும் நான் மனிதனாக இருக்க முடியாது.

ஆகவே, மைத்துனா, நீ இதைப் படித்தவுடன், மேற்படி யேசுதாசன் மேற்படி வீட்டைக் காலி செய்து, கட்டில், மின்விசிறிக்காற்று, மர ஸ்கேல், மனைவியின் கவனம் இவற்றை உடையவன் வசம் எந்த வில்லங்கமும் இன்றி ஒப்படைக்க வேண்டும் என்று கடுமையான ஒரு நோட்டீஸ் தயார் செய்து பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியது. நான் அனுப்பச் சொன்னதாக எந்த இடத்திலும் தெரியக் கூடாது. நெடுநாள் இருந்தவனுக்கே இடம் சொந்தம் என்கிற அனுபவ பாத்தியதை ஒன்று இருப்பதை அவர் அறிவதற்குள் இது நடக்க வேண்டும். சொந்த வீட்டில் அகதியாகிவிட்ட அத்தானை நீ கைவிடமாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் வழக்குகள் எல்லாம் வெல்லட்டும். உன் கட்சிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வரட்டும். உன் பிள்ளைகள் படித்து உயரட்டும், யாரும் கார் ஓட்டப் படிக்க வேண்டாம். உன் மனைவிக்கு என் ஆசிகள். எல்லாருக்கும் அய்யா துணை நிற்பாராக. எனக்கும் ஒரு மூலையில் நிற்பாராக, மூலை ஒன்று மிச்சமிருந்தால்.

இப்படிக்கு,
மனமுடைந்த அத்தான்
பகவதியப்பன்

பின்குறிப்பு:

மக்கா தாணு, இது அக்கா எழுதுகிறேன். கவரை ஒட்டி வைக்கச் சொல்லி உன் அத்தான் என்னிடம் தந்துவிட்டுக் குளிக்கப் போனார். ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். தபாலில் போட்டால் நாளைக்குள் கிட்டாது, அதனால் எல்லாத்தையும் போனில் படம் எடுத்து இப்பவே உனக்கு அனுப்புகிறேன். துவைக்கிற மிஷின் மேல் வைத்து எழுதினது, மழை விழுந்தது எல்லாம் நிசம். மற்றபடி நீ ஒண்ணையும் நம்பாதே.

மன்னிப்பு கேட்கவில்லையாமே. கார் நின்னதும் கதவைத் திறந்து ஓடினவரு, ஓடைக்குள்ள எறங்கி, அந்த மனுசனுக்க நல்ல காலைப் பிடிச்சுட்டு “எனக்க தப்பு, எனக்க தப்பு”ன்னு அழுத அழுகை இருக்கே, சாயாக்கடையில அடுப்பை அணைச்சுட்டு வந்து பாத்தாங்க. உனக்குப் போன் பண்ணினது அதுக்குப் பெறவாக்கும். ஆஸ்பத்திரியில எஸ்.ஐ. கிட்ட “நான்தான் இடிச்சேன், என்னைக் கொண்டு போங்க”ன்னு ரெண்டு கையையும் நீட்டினாரு. அவருதான் “பேசாம இரியும் ஓய், அடிபட்ட ஆளே வழுக்கி விழுந்ததாட்டுச் சொல்லுகாரு, உமக்கென்ன”ன்னு சத்தம் போட்டாரு. வீட்டுக்குக் கொண்டு போவோம்னு நான் சொல்லவே இல்ல. சக்கர நாற்காலியை ஆருக்கும் விடாம இவருதான் தள்ளிட்டு வந்தாரு.

அதுமட்டுமில்ல. கட்டு பிரிச்சு நாளாச்சு. டாக்டர் நடக்கலாம்னு சொல்லியாச்சு. யேசுதாசன் பை எல்லாம் எடுத்து வச்சு, “அம்மா, நான் வாறேன்”னு எனக்க கிட்ட யாத்திரையும் சொல்லிட்டாரு. உன் அத்தான் வாசலை மறிச்சு நின்னுட்டு, “நடை கோணலா இருக்கு”ன்னு இன்னொரு டாக்டர்கிட்ட கொண்டு போனாரு. அவரும் ஒண்ணுமில்லேன்னாரு. இவரு நம்பல்ல. இப்ப மூணாவது டாக்டர் பாக்குகாரு. அஸ்வதி போன பெறவு இந்த வீட்டுல நானும் இவரும் பேசினதைக் கூட்டினா ஒரு பக்கம் வராது. இப்ப முன்னறையில ரெண்டு பேரும் சிரிக்கிற சிரிப்புல கோழி முட்டையிட மாட்டேங்கு. வெளிய பிளாஸ்டிக் நாற்காலியில இருக்கது, எழுத மட்டுமாக்கும்.

ஆனதினால நோட்டீசு ஒண்ணும் அனுப்பாண்டாம். வேற ஒரு காரியம் உண்டு. உன் அத்தான் ஆருக்கும் தெரியாம பேச்சிப்பாறையில ஒரு எடம் பாத்து வச்சிருக்காரு. எலிசான்னு பேரு, நர்சா இருந்து ஓய்வு வாங்கினவ. புருசன் இறந்து வருசம் கொஞ்சம் ஆச்சு. நல்ல குணம்னு நாலு பேருகிட்ட விசாரிச்சுட்டாரு. யேசுதாசன்கிட்ட நேத்துதான் சொன்னாரு. அந்த மனுசன் நேரா கண்ணாடிக்கு முன்னால போய் நின்னு தலை சீவினாரு. கார் இன்னைக்கு சாயங்காலம் வருது, ரெனிஷ் சொல்லியாச்சு. நாளைக்கு மூணு பேரும் பொண்ணு பாக்கப் போறோம். ஓட்டுகது இவருதான், ரோட்டைப் பாக்கது நான்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கெடக்கு. மாப்பிள்ளைக்குக் காலுல என்ன ஆச்சுன்னு பொண்ணு வீட்டுல கேட்டா, கூட வந்தவரு என்ன பதில் சொல்லணும்? அதை மட்டும் வக்கீல் நீ காலையிலயே போன் பண்ணிச் சொல்லிரு. கோர்ட்டுல நிக்கேன்னு சொல்லாதே, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையாக்கும்.